டேஷ்ரென் யாருடைய ஆள்? மலாசானின் இரண்டு எழுத்தாளர்களும் 'ஃபோர்ஜ் ஆஃப் தி ஹை மேஜ்' நாவலும்

முதல்பக்கம்

'ஃபோர்ஜ் ஆஃப் தி ஹை மேஜ்' ஒருவழியாக முடித்துவிட்டேன். ஸ்டீவன் எரிக்சனும் இயன் எஸ்லெமான்ட்டும் தனித்தனியே நாவல் எழுதும் மலாசான் கற்பனை உலகத்துக்கு எஸ்லெமான்ட் எழுதும் முன்கதை 'பாத் டு அசெண்டன்சி'. அந்த வரிசையில் மூன்றாம் புத்தகம் 2019-இல் வந்தது, இந்த நான்காவது 2023-இல். நடுவில் விழுந்த இடைவெளியில் பாதிப் பெயர்கள் மறந்தே போய்விட்டன. முதல் நூறு பக்கம் யார் எவர் என்று தடவித் தடவித்தான் போனேன்.

கதையை உடைக்கப் போவதில்லை. குவான் டாலி கண்டம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்ட நேரத்தில், எல்லாரும் மூச்சு விடலாம் என்று நினைக்கும்போது, வடக்கே ஃபலார் மேல் படையெடுக்கச் சொல்கிறான் மலாசான் பேரரசன் கெலன்வெட். பின்னட்டையில் இருப்பது இவ்வளவுதான், நானும் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இந்த இழையைத் தொடங்கியது டேஷ்ரென் என்ற மந்திரவாதிக்காக. 1999-இல் வந்த 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' படித்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே எரியும். பேல் நகர முற்றுகையில் கூட நின்ற மந்திரவாதிகள் ஒவ்வொருவராகச் சாக, இவன் மட்டும் தன் குன்றின் மேல் முழுசாக நிற்பான். அது ஸ்டீவன் எரிக்சன் எழுதிய டேஷ்ரென். 2017-இல் இயன் எஸ்லெமான்ட் எழுதிய 'டெட்ஹவுஸ் லேண்டிங்' நாவலில் அதே டேஷ்ரென் கார்ட்டூல் தீவில், ட்ரெக் என்ற தெய்வத்தின் கோயிலில் இருக்கும் இளைஞன். அபாரத் திறமை. ஆனால் கோயிலுக்குள்ளேயே தன்னைச் சுற்றி நடக்கும் அரசியல் கண்ணில் படாத அப்பாவி. இப்போது தலைப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான்.

இவனும் அவனும் ஒரே ஆள்தானா? எரிக்சனின் வில்லனை எஸ்லெமான்ட் வெள்ளையடிக்கிறாரா, இல்லை நாம்தான் முதல் தடவை சரியாகப் பார்க்கவில்லையா?

பழம்புத்தகம்

வெள்ளையடிப்புதான். சந்தேகமே வேண்டாம்.

முன்கதை எழுதுகிறேன் என்று கிளம்பினாலே இந்த ஆபத்து கூடவே வரும். எரிக்சனின் முதன்மை வரிசையில் கெலன்வெட்டும் அவன் கூட்டாளி டான்சரும் எப்படி வருகிறார்கள்? நிழல் சிம்மாசனத்தில் ஒருவன், அவன் பக்கத்தில் கயிற்றோடு இன்னொருவன். பேரரசைக் கட்டினார்கள், காணாமல் போனார்கள், கடவுளாகத் திரும்பி வந்தார்கள். நடுவில் என்ன நடந்தது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் முதுகில் சில்லென்று ஏறியது. 2016-இல் 'டான்சர்ஸ் லமென்ட்' வந்தது. பார்த்தால் லி ஹெங் நகரத்தில் 'வூ' என்று பெயர் வைத்துக்கொண்டு உளறித் திரியும் ஒரு சில்லறை மந்திரவாதி! இவனா அவன்? இருட்டில் நின்ற ஆள் மேல் விளக்கைப் போட்டால் அளவு குறையாமல் என்ன செய்யும்?

எஸ்லெமான்ட் மோசமான எழுத்தாளர் இல்லை. ஆனால் அவர் எழுதுவது அடிக்குறிப்பு. நன்றாக எழுதிய அடிக்குறிப்பு, அவ்வளவுதான்.

மெதுவாகப்படிப்பவள்

பழம்புத்தகம், நீங்கள் அந்த மூன்று புத்தகங்களையும் படித்தீர்களா, இல்லை முதலாவதோடு மூடிவிட்டீர்களா? சண்டைக்குக் கேட்கவில்லை. உங்கள் வாதம் நிற்பதும் விழுவதும் ஒரே ஒரு விஷயத்தில் என்பதால் கேட்கிறேன்.

கெலன்வெட்டின் தலைக்குள் நாம் ஒருமுறைகூட நுழைவதில்லை. அவனை எப்போதும் பக்கத்தில் இருப்பவர்களின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம், பெரும்பாலும் டோரின் ராவ், அதாவது பின்னாளில் டான்சர். அந்த டோரினுக்கே தன் கூட்டாளி முட்டாளா, முட்டாள் வேஷம் போடுகிறவனா என்று கடைசிவரை புரிவதில்லை. உளறுகிறான், தடுக்கி விழுகிறான், திட்டமே இல்லை என்கிறான், அப்புறம் பார்த்தால் எதிரே இருந்தவன் எல்லாவற்றையும் இழந்து நிற்கிறான். சிரித்துக்கொண்டே படித்துவிட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்த பிறகு எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

விளக்கு டான்சர் முகத்தில்தான் விழுகிறது. கெலன்வெட் இன்னும் இருட்டில்தான் நிற்கிறான்.

பழம்புத்தகம்

இரண்டு படித்தேன். மூன்றாவது பாதியில் நிற்கிறது. தலைக்குள் நுழையவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் கவனிக்கவே இல்லை. ஆனால் டேஷ்ரென் விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அவன் தலைக்குள் தாராளமாக நுழைகிறோமே?

கணக்குப்பிள்ளை

வில்லன், அப்பாவி எல்லாம் இருக்கட்டும். வருடக் கணக்குக்கு யார் பதில் சொல்வது?

'கார்டன்ஸ்' முன்னுரைக் காட்சியின் தலையிலேயே போட்டிருக்கிறது: மலாசான் பேரரசின் 96-ஆம் ஆண்டு, கெலன்வெட் ஆட்சியின் கடைசி ஆண்டு. சரி. இப்போது 'பாத் டு அசெண்டன்சி'க்கு வாருங்கள். பேரரசு பிறப்பதற்கு முன்பே சர்லி (பின்னாளில் பேரரசி லசீன்) இருக்கிறாள், வாள்வீரன் டாசம் இருக்கிறான், டேஷ்ரென் இருக்கிறான். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். அப்படியென்றால் 'கார்டன்ஸ்' நடக்கும்போது இவர்களுக்கு நூறு வயது தாண்டியிருக்க வேண்டும். மந்திரவாதி டேஷ்ரென் பிழைத்துக்கொள்வான், ஆயுளை நீட்டிக்கொண்டான் என்று சொல்லிவிடலாம். சர்லிக்கு என்ன சொல்வது?

வாசகர்கள் கட்டிய சமாதானங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ரசவாத மருந்து ஒன்று. டெட்ஹவுஸ் என்ற மாய வீட்டுக்குள் போய்வந்தால் முதுமை தள்ளிப்போகும் என்பது ஒன்று. பேரரசு தன் வயதைத் தானே கூட்டிக் காட்டிக்கொண்டது என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் புத்தகத்தில் அதற்குச் சான்று கிடையாது. இரண்டு பேர் ஒரே உலகத்தில் எழுதுகிறார்கள் என்றால் குறைந்தபட்சம் ஒரு நாள்காட்டியையாவது சேர்ந்து மாட்டியிருக்கலாம்.

இரவுரயில்

நீங்கள் மலாசான் வரலாற்றுத் துறையில் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

கணக்குப்பிள்ளை

சம்பளம் எந்த ஆண்டுக் கணக்கில் தருவார்கள்?

பகடைக்காரன்

இந்த உலகம் எப்படி உருவானது என்பதைக் கொஞ்சம் சொன்னால் இரண்டு சண்டையும் வேறு மாதிரித் தெரியும். பழைய ஆட்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது முதலில் புத்தகமே இல்லை. எரிக்சன், எஸ்லெமான்ட் இருவரும் தொல்லியல் படித்தவர்கள். 1982 வாக்கில் தங்களுக்குள் ஆடும் பகடை விளையாட்டுக்காக இந்த உலகத்தைக் கட்டத் தொடங்கினார்கள். முதலில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விதிகளில், பிறகு 'கர்ப்ஸ்' விதிகளில் ஆடினார்கள். 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' கூட முதலில் இருவரும் சேர்ந்து எழுதிய திரைக்கதை. அது விலைபோகவில்லை. எரிக்சன் அதையே நாவலாக மாற்றி எழுதினார், அச்சில் வந்தது 1999-இல். எஸ்லெமான்ட்டின் முதல் நாவல் 'நைட் ஆஃப் நைவ்ஸ்' 2004-இல்தான் வெளியானது. ஐந்து வருடம் பிந்தி வந்ததால் இரண்டாம் ஆள், விருந்தாளி என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டோம். உண்மையில் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதே இருவர் கையிலும் மண்.

நானும் பல வருடம் மேசை விளையாட்டு நடத்தியவன், அதனால் இது எனக்கு நன்றாகப் புரிகிறது. மேசையில் ஒரு பாத்திரம் யாருடையது என்ற கேள்விக்குச் சுத்தமான பதில் கிடையாது. ஒருவர் ஆடுவார், எதிரே இருப்பவர் உலகத்தை நடத்துவார், நடந்த சம்பவம் இருவருக்கும் சொந்தம். மறுநாள் இரண்டு பேரிடமும் தனித்தனியே கேட்டுப் பாருங்கள், நேற்று நடந்ததை ஒரே மாதிரி சொல்லவே மாட்டார்கள். யார் முதலில் வாளை உருவினான் என்பதிலேயே அடிதடி வரும்.

அதனால் 'எரிக்சனின் டேஷ்ரென், எஸ்லெமான்ட்டின் டேஷ்ரென்' என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. நடந்து முடிந்த ஒன்றுக்கு இரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். சாட்சிகள் முரண்படுவார்கள். மண்ணைத் தோண்டிப் பழகிய ஆட்களுக்கு இது புதிதா என்ன?

பழம்புத்தகம்

அழகான விளக்கம். ஆனால் எந்தப் பிழையையும் 'சாட்சி முரண்' என்று சொல்லித் தப்பிக்கலாமே. எடிட்டர் கவனிக்காமல் விட்டது எது, வேண்டுமென்றே வைத்த முரண் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

பகடைக்காரன்

நியாயமான கேள்வி. என் அளவுகோல் இதுதான்: அந்த முரணால் ஒரு பாத்திரத்தைப் பற்றிப் புதிதாக ஏதாவது தெரிந்தால் அது கதை, எதுவும் தெரியவில்லை என்றால் பிழை. கணக்குப்பிள்ளை சொன்ன 96-ஆம் ஆண்டு என் கணக்கில் பிழைதான். அதற்கு முட்டுக்கொடுக்க மாட்டேன். 'கார்டன்ஸ்' எழுதி முடித்ததற்கும் அச்சில் வந்ததற்கும் இடையிலேயே பல வருடம் போய்விட்டது. அதற்குப் பிந்தைய புத்தகங்களோடு அது ஒட்டாத இடங்கள் எரிக்சனுக்குள்ளேயே இருக்கின்றன. எஸ்லெமான்ட்டை மட்டும் கூண்டில் நிறுத்த வேண்டாம்.

புதுவாசகன்

உள்ளே வரலாமா? 'கார்டன்ஸ் ஆஃப் தி மூன்' எண்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். உண்மையைச் சொன்னால் ஒன்றும் புரியவில்லை. யார் நல்லவன், வாரன் என்றால் என்ன, ஏன் யாரும் எதையும் விளக்க மாட்டேன் என்கிறார்கள்? கதைப்படி முந்தியது 'டான்சர்ஸ் லமென்ட்' என்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்கலாமா?

மெதுவாகப்படிப்பவள்

வாருங்கள் வாருங்கள். எண்பதாம் பக்கத்தில் புரியாமல் இருப்பதுதான் சரியான நிலைமை. எனக்கு முதல் தடவை முந்நூறு பக்கம் ஆனது. வாரன் என்றால் மந்திரவாதி சக்தியை எடுக்கிற இடம், அது வழியாகப் பயணமும் போகலாம் என்று இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மீதி தானாக வரும்.

'டான்சர்ஸ் லமென்ட்' எளிதான புத்தகம்தான். ஒரே நகரம், ஒரே முற்றுகை, ஆட்களும் குறைவு. இங்கே பலர் அதிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். வூ ஒவ்வொரு முறை உளறும்போதும் நமக்கு மட்டும் 'இவன் யாராகப் போகிறான் தெரியுமா' என்று உள்ளே ஒரு குறுகுறுப்பு ஓட வேண்டும். அது இல்லாமல் படித்தால் ஒரு திருடனும் ஒரு கோமாளியும் சேர்ந்த சாகசக் கதை, அவ்வளவுதான். பாதிச் சுவை போய்விடும்.

இரவுரயில்

நான் அதிலிருந்துதான் தொடங்கினேன். உயிரோடுதான் இருக்கிறேன்.

மெதுவாகப்படிப்பவள்

உங்களுக்குக் கிடைக்காதது என்ன என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இரவுரயில்

எனக்குக் கிடைத்தது உங்களுக்குக் கிடைக்கவில்லையே! கெலன்வெட்டை முதலில் கோமாளியாகச் சந்தித்தேன். அப்புறம் 'கார்டன்ஸ்' போனால், முதல் சில பக்கங்களிலேயே அவன் இல்லாமல் போகிறான். எனக்கு அங்கே நெஞ்சு அடைத்தது. உங்களில் யாருக்காவது அந்த இடத்தில் அப்படி ஏதாவது நடந்ததா? உங்களுக்கு அது வெறும் பெயர்.

மெதுவாகப்படிப்பவள்

ம்ம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கணக்குப்பிள்ளை

புதுவாசகனுக்கு நடைமுறை யோசனை. எரிக்சனின் முதன்மை வரிசை 10 புத்தகம், 1999 முதல் 2011 வரை வந்தது. எஸ்லெமான்ட்டின் பேரரசு நாவல்கள் 6, 'அசெயில்' வரை, 2014-இல் முடிந்தது. 'பாத்' இதுவரை 4. பயப்படாதீர்கள். முதன்மை வரிசையை நேராகப் படித்துக்கொண்டே போங்கள். ஆறாவதான 'தி போன்ஹன்டர்ஸ்' முடிந்ததும் 'நைட் ஆஃப் நைவ்ஸ்' எடுக்கலாம், சிறிய புத்தகம், ஒரே இரவில் நடக்கும் கதை. 'ரிட்டர்ன் ஆஃப் தி கிரிம்சன் கார்ட்' அதற்குப் பிறகு. 'பாத்' எல்லாவற்றுக்கும் கடைசியில். எரிக்சனின் கார்கனாஸ் வரிசையை இப்போது நினைக்கவே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. அடுத்து வரும் பதிவைப் படிக்காதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். கீழே இருப்பது உங்களுக்கானது இல்லை.

கணக்குப்பிள்ளை

[பேரரசு நாவல்களின் முடிவு இந்தப் பதிவில் உடைகிறது]

பழம்புத்தகம், 'அடிக்குறிப்பு' என்றீர்கள். பேரரசி லசீன் எந்தப் புத்தகத்தில் சாகிறாள்? எரிக்சனின் பத்தில் இல்லை. 2008-இல் எஸ்லெமான்ட் எழுதிய 'ரிட்டர்ன் ஆஃப் தி கிரிம்சன் கார்ட்' நாவலில். முதல் புத்தகத்திலிருந்து எல்லாப் படையும் யார் பெயரைச் சொல்லி நகர்ந்ததோ அந்தப் பெண்ணின் முடிவு, அவளுக்குப் பின் மல்லிக் ரெல் அரியணை ஏறுவது, இரண்டும் அந்த ஒரு புத்தகத்தில். பத்தை மட்டும் படித்து முடித்தவருக்குத் தலைநகரில் அரசு மாறியதை நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. பிறகு 2021-இல் எரிக்சன் 'தி காட் இஸ் நாட் வில்லிங்' எழுதும்போது மல்லிக் ரெல்லின் பேரரசாகவே அதை எடுத்துக்கொண்டு போகிறார்.

அரசையே கவிழ்க்கும் அடிக்குறிப்பை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாள்காட்டி விஷயத்தில் எனக்கு அவர்கள் இருவர் மேலும் கோபம் உண்டு. ஆனால் இந்த ஒரு விட்டுக்கொடுத்தலுக்காக மன்னித்துவிடுகிறேன். தன் கதையின் இவ்வளவு பெரிய சாவை இன்னொருவர் கையில் கொடுக்க எத்தனை எழுத்தாளருக்கு மனசு வரும்?

பழம்புத்தகம்

அந்தப் புத்தகத்தை நான் படிக்கவே இல்லை. லசீன் செத்தது இப்போது உங்களிடமிருந்துதான் தெரிகிறது. நன்றி ஐயா, ரொம்ப நன்றி.

கணக்குப்பிள்ளை

எச்சரிக்கை போட்டிருந்தேனே! அய்யோ, மன்னிக்கவும்.

பழம்புத்தகம்

புதுவாசகனுக்குத்தானே எச்சரிக்கை என்று நினைத்து உள்ளே வந்தேன். பரவாயில்லை, புத்தகம் வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தப்பு என் மேல். 'அடிக்குறிப்பு' என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். முன்கதைகள் பற்றிச் சொன்னதை மட்டும் திரும்பப் பெறவில்லை.

ஏட்டுச்சுவடி

தாமதமாக வருகிறேன். பல எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதும் உலகங்கள் நிறைய வந்துவிட்டன. 'தீவ்ஸ் வேர்ல்ட்' தொகுப்பு 1979-இல் தொடங்கியது. 'டிராகன்லான்ஸ்' 1984-இல். அவற்றிலெல்லாம் ஒரு பதிப்பாசிரியரோ ஒரு நிறுவனமோ மேலே உட்கார்ந்து இது ஆகும், இது ஆகாது என்று சொல்லும். மலாசானில் மேலே யாரும் இல்லை. இரண்டு நண்பர்கள், அவ்வளவுதான். அதனால்தான் தைக்காத ஓரங்கள் இத்தனை.

பாரதக் கதையைப் பாடியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் பாட்டில் கர்ணன் ஓங்கி நிற்பான், இன்னொருவர் பாட்டில் அர்ச்சுனன். கேட்பவர்கள் யாரும் 'உண்மையான கர்ணன் எது' என்று வழக்குப் போட்டதில்லையே.

பகடைக்காரன்

ஒப்புமை பாதிதான் பொருந்துகிறது. பாரதம் பாடியவர்கள் நூற்றாண்டுகள் தள்ளி வாழ்ந்தவர்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. இங்கே இருவரும் உயிரோடு இருக்கிறார்கள், நண்பர்கள், தொலைபேசியை எடுத்து 'டேய், அந்த ஆளுக்கு எத்தனை வயசு வைத்தாய்' என்று கேட்டிருக்கலாம். கேட்டும் விட்டார்களா, கேட்காமல் விட்டார்களா என்பதுதான் சுவாரசியம்.

முதல்பக்கம்

இழையைத் தொடங்கிவிட்டு இரண்டு நாள் காணாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பேல் அத்தியாயத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். புதுவாசகன் அதைத் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

நான் முதல் பதிவில் 'எரிக்சன் எழுதிய டேஷ்ரென்' என்று எழுதினேன். அது தவறு. அந்தப் போரை நாம் பார்ப்பது டாட்டர்செயில் என்ற மந்திரவாதிப் பெண்ணின் கண் வழியாக. பக்கத்தில் நின்ற கேலட் செத்துவிட்டான். ஹேர்லாக் இரண்டு துண்டாகக் கிடக்கிறான். அவள் பிழைத்ததே அதிர்ஷ்டம். அந்த நிலையில் தூரத்துக் குன்றைப் பார்த்து, இவன்தான் செய்தான் என்று முடிவு கட்டுகிறாள். நானும் அவளோடு சேர்ந்து முடிவு கட்டிவிட்டேன். டேஷ்ரெனின் தலைக்குள் அங்கே ஒரு வரிகூட இல்லை. அவன் என்ன நினைத்தான், எதைத் தாங்கிக்கொண்டிருந்தான், எதுவும் தெரியாது. இத்தனை வருடமாக நான் வெறுத்தது டாட்டர்செயில் பார்த்த டேஷ்ரெனை.

இன்னொன்று, 'மெமரீஸ் ஆஃப் ஐஸ்' படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். 2001-இலேயே எரிக்சன் அவனை இன்னொரு பக்கமாகத் திருப்பிவிட்டார். டுஜெக்கின் படையில் கொடி பிடிக்கும் ஆர்டான்தோஸ் யார் என்று தெரியவரும் இடம் நினைவிருக்கிறதா? அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எஸ்லெமான்ட் வெள்ளையடிக்கவில்லை, எரிக்சன் திறந்து வைத்த கதவு வழியாக உள்ளே போயிருக்கிறார்.

அதற்காக அவன் நல்லவன் ஆகிவிடவில்லை. பேலில் செத்தவர்கள் செத்தவர்கள்தான். ஆனால் கோயிலில் தன்னைச் சுற்றி நடந்தது கண்ணில் படாத அந்தப் பையனைப் படித்த பிறகு, அதே ஆள் பின்னாளில் பேரரசின் தலைமை மந்திரவாதியாகக் குன்றின் மேல் நிற்கும்போது, அவனுக்கு இப்போதாவது எல்லாம் தெரிகிறதா என்று ஒரு சந்தேகம் வருகிறது. இந்தச் சந்தேகம் 1999 புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எனக்கு வந்திருக்காது.

பழம்புத்தகம்

இதைப் படித்ததும் எழுந்துபோய் மூன்றாவதை எடுத்து வந்தேன். விட்ட இடத்தில் அடையாளத்தாள் அப்படியே இருக்கிறது. அந்தப் பக்கத்தில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைவில்லை. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் போல.

புதுவாசகன்

பேல் முடித்துவிட்டேன். எல்லா எச்சரிக்கைக்கும் கட்டுப்பட்டு இடையில் இருந்ததையெல்லாம் கையால் மறைத்துக்கொண்டு கடந்து வந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. ஹேர்லாக் இரண்டு துண்டான பிறகும் பேசிக்கொண்டிருக்கிறானே, ஒரு மரப்பொம்மையைப் பற்றி வேறு ஏதோ வருகிறது. இது எனக்கு மட்டும்தான் புரியவில்லையா?

இரவுரயில்

அந்தப் பொம்மை மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

மெதுவாகப்படிப்பவள்

இரண்டு கண்ணும்.